ஹேங் ஆன புரோகிராமை மூடுவது எப்படி? பவர் பட்டனுக்குப் போகும் முன்...

"ஸ்க்ரீன் வெள்ளையாப் போயிடுச்சு தம்பி, மவுஸ் சுத்திக்கிட்டே இருக்கு" என்று மாடி வீட்டு சார் போனில் சொன்னபோது நான் பாதிச் சாப்பாட்டில் இருந்தேன். "எதையும் தொடாதீங்க சார், கை கழுவிட்டு வந்துடறேன்" என்றேன். நான் படியேறுவதற்குள் அவர் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை அது. ஒன்றரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டியது. கடைசியாகச் சேமித்தது முதல் பக்கம் முடிந்தபோது. "ஹேங் ஆனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

அன்றைக்கே அவர் கணினியில் ஒரு அமைப்பை மாற்றிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் ஏதாவது நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவதில்லை, அவரே இரண்டு கிளிக்கில் மூடிவிடுகிறார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 11 பற்றியது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் உண்டு.

ஹேங் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது

நீங்கள் மவுஸை அழுத்துவது, ஓர் எழுத்தைத் தட்டுவது, ஜன்னலை நகர்த்துவது எல்லாவற்றையும் விண்டோஸ் ஒரு சின்னச் செய்தியாக்கி அந்தப் புரோகிராமின் வரிசையில் போடுகிறது. புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வேலை செய்யும். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஏதோ எடுக்க உள்ளே போய்விட்டார் என்று வையுங்கள். வரிசை நீள்கிறது, கடை திறந்துதான் இருக்கிறது, கவுன்டரில் ஆள் இல்லை. ஹேங் என்பது அதுதான்.

விண்டோஸ் 5 நொடி பார்க்கும். அதற்குள் புரோகிராம் வரிசைப் பக்கம் வரவில்லையென்றால், அந்த ஜன்னலின் மேல் அதே அளவில் ஒரு போலி ஜன்னலை வைத்து மூடிவிடும். வெளிறிப்போய்த் தெரிவதும், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருவதும் அதனால்தான். நீங்கள் அப்போது பார்ப்பது புரோகிராம் அல்ல, அது கடைசியாகக் காட்டியதன் படம். நகர்த்தினால் நகரும், உள்ளே எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, 5 நொடி என்பது விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட கணக்கு. ஐம்பதாயிரம் வரிசை உள்ள எக்செல் கோப்பில் கணக்குப் போட்டால் ஒரு நிமிடம்கூட ஆகலாம். அது சாகவில்லை, வேலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் கோபத்தில் பத்துமுறை கிளிக் செய்தால், முதலில் செய்த சிலவாவது வரிசையில் போய் நிற்கும். புரோகிராம் எழுந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைச் செய்து முடிக்கும். 'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று நீங்களே எப்போதோ பதில் சொல்லியிருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

மூடுவதற்கு முன் ஒரு நிமிடம்

கையை எடுத்துவிடுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்.

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு டேப் விசையைத் தட்டுங்கள். ஹேங் என்று நினைத்ததில் பாதி, பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கேள்விப் பெட்டியாக இருக்கும். 'இந்தக் கோப்பை மாற்றி எழுதவா?' என்று அது கேட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் முன்னால் உள்ள ஜன்னலைப் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டிப் பார்ப்பதும் நல்லது. எக்செல்லில் ஏதாவது கட்டத்துக்குள் கர்சர் மாட்டிக்கொண்டிருந்தால் பல மெனுக்கள் மங்கிப்போய்விடும். எஸ்கேப் தட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம், வெளியே எதையாவது தேடுகிறதா என்று யோசியுங்கள். அணைத்து வைத்த பிரிண்டர், இணைப்புப் போன நெட்வொர்க் ஃபோல்டர், பாதியில் கழற்றிய பென் டிரைவ். பிரிண்டரை ஆன் செய்த உடனே புரோகிராம் உயிர் பெற்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னும் அசையவில்லையா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். உங்கள் புரோகிராமின் பெயருக்கு நேரே சிபியு, மெமரி, டிஸ்க் என்று எண்கள் இருக்கும். சிபியு எண்ணோ டிஸ்க் எண்ணோ மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அது வேலை செய்கிறது, விட்டுவிட்டு ஒரு டீ போட்டுவிட்டு வாருங்கள். இரண்டும் 0 என்று இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்றால் இனி காத்திருந்து பயனில்லை. மேலே டிஸ்க் என்ற தலைப்பே 100 சதவீதம் காட்டினால் பிரச்சினை அந்தப் புரோகிராமில் மட்டும் இல்லை. 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள கணினிகளில் இது அன்றாடக் காட்சி.

மூட முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், அதற்கு முன் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சேமிக்காத கடைசிப் பத்தி அந்த வெளிறிய படத்தில் இன்னும் தெரிகிறது அல்லவா? மூடினால் அதுவும் போய்விடும். போட்டோ இருந்தால் பார்த்துத் திரும்பத் தட்டிவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான பேக்கப் இல்லை.

டாஸ்க்பாரிலேயே மூடும் வசதி

இதுதான் மாடி வீட்டில் நான் செய்தது. ஹேங் ஆன பிறகு தேடாமல், கணினி நன்றாக இருக்கும்போதே இன்றைக்குச் செய்து வைத்துவிடுங்கள்.

1. விண்டோஸ் விசையுடன் ஐ எழுத்தை அழுத்துங்கள். செட்டிங்ஸ் திறக்கும்.
2. இடப்பக்கம் 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. கீழே இறங்கினால் 'ஃபார் டெவலப்பர்ஸ்' என்று இருக்கும். புதிய அப்டேட்கள் வந்த கணினிகளில் இதே பக்கம் 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் இருக்கிறது. அதைத் திறங்கள்.
4. 'எண்ட் டாஸ்க்' என்ற வரியைக் கண்டுபிடித்து அதன் சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

அவ்வளவுதான், ரீஸ்டார்ட் தேவையில்லை. 'டெவலப்பர்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் மற்ற சுவிட்சுகளை மட்டும் தொடாமல் வந்துவிடுங்கள். புரோகிராமர்களை விட மற்றவர்களுக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை. அதை ஏன் இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்தார்களோ.

இந்த வரியே உங்கள் திரையில் இல்லையென்றால் விண்டோஸ் பதிப்பு பழையது. 2023 கடைசியில் வந்த 23எச்2 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் இது உண்டு. பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் செய்யுங்கள். பதிப்பு எண் தெரியும். விண்டோஸ் 10இல் இந்த வசதி இல்லை. அதற்கான வழக்கமான ஆதரவையும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரைத்தான் நம்ப வேண்டும்.

இனி பயன்படுத்துவது. எது நின்றுபோனதோ அதன் ஐகான் கீழே டாஸ்க்பாரில் இருக்கும். அதன்மேல் வலப்பக்க கிளிக் செய்தால் வழக்கமான பட்டியலில் 'எண்ட் டாஸ்க்' என்று ஒரு வரி கூடுதலாக வந்திருக்கும். அதை அழுத்தினால் புரோகிராம் போய்விடும்.

'உறுதியாகவா?' என்று அது கேட்காது. அதனால் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அதே பட்டியலில் 'க்ளோஸ் விண்டோ' என்ற வரியும் இருக்கிறது. அது மரியாதையாக மூடுவது, சேமிக்கட்டுமா என்று கேட்கும். முதலில் அதைச் செய்து பாருங்கள். ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்துவதும் அதே வேலைதான். இரண்டு, வேர்டில் மூன்று கோப்புகள் திறந்திருந்தால் எண்ட் டாஸ்க் மூன்றையும் சேர்த்தே மூடும். நின்றுபோனது ஒன்றுதான் என்றாலும் மூன்றும் ஒரே புரோகிராமுக்குள் இருப்பவை.

கணக்கு எழுதும் மென்பொருளை இப்படி மூடும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒருமுறை நண்பரின் கடையில், பேக்கப் எடுத்துக்கொண்டிருந்ததை ஹேங் என்று நினைத்து நான்தான் மூடினேன். பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. பாதியில் அறுந்த அந்த பேக்கப் பிறகு திறக்கவே இல்லை. நல்ல வேளை, முந்தைய நாளின் நகல் ஒன்று இருந்தது. டிஸ்க் எண்ணைப் பாருங்கள் என்று மேலே சொன்னது அந்தச் சூட்டில் கற்றதுதான்.

டாஸ்க்பாருக்கே போக முடியாதபோது

முழுத்திரை கேம் ஒன்று நின்றுபோனால் டாஸ்க்பார் கண்ணுக்கே தெரியாது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினாலும் டாஸ்க் மேனேஜர் அந்தக் கேமுக்குப் பின்னால் போய்த் திறந்து நிற்கும். இதற்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்யலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கம் அடியில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் 'ஆல்வேஸ் ஆன் டாப்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்தால் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

மவுஸும் வேலை செய்யவில்லையா? டாஸ்க் மேனேஜரில் அம்பு விசைகளால் மேலும் கீழும் நகர்ந்து, அந்தப் புரோகிராமின் பெயரில் நின்று டெலிட் விசையைத் தட்டினால் எண்ட் டாஸ்க் செய்ததாக அர்த்தம். பட்டியலில் 'ஆப்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவை நீங்கள் திறந்தவை. அங்கே மட்டும் கை வையுங்கள். 'விண்டோஸ் பிராசஸஸ்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றில் சிலவற்றை மூடினால் கணினியே சுருண்டுவிடும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மட்டும் இதில் தனி ரகம். ஃபோல்டர் ஜன்னல், டாஸ்க்பார், டெஸ்க்டாப் எல்லாம் அதுதான் வரைகிறது. அது நின்றால் டாஸ்க்பாரும் சேர்ந்து உறைந்துபோகும். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தால் எண்ட் டாஸ்க் இருக்கும் இடத்தில் 'ரீஸ்டார்ட் டாஸ்க்' இருக்கும். அழுத்துங்கள். ஒரு நொடி டாஸ்க்பார் மறைந்து திரும்ப வரும். திறந்திருக்கும் மற்ற புரோகிராம்களுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த டாஸ்க் மேனேஜரை எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. அதற்கும் முன்னாலிருந்தே எல்லாருக்கும் தெரிந்தது கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். ஐபிஎம்மில் இருந்த டேவிட் பிராட்லி முதல் ஐபிஎம் பிசியை உருவாக்கும்போது, அடிக்கடி ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்ததால் வைத்த குறுக்கு வழி அது. இன்றைக்கு அது ரீஸ்டார்ட் செய்வதில்லை, சில தேர்வுகள் உள்ள ஒரு திரையை மட்டும் காட்டுகிறது. ஆனால் அந்த மூன்று விசையை விண்டோஸே நேராகப் பிடித்துக்கொள்வதால் நின்றுபோன புரோகிராமால் குறுக்கே வர முடியாது. வேறு எதுவும் திறக்காதபோது இதை அழுத்தி, அங்கிருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போகலாம்.

பிரவுசர் நின்றால் முழுதாக மூடாதீர்கள்

குரோமில் இருபது டேப் திறந்திருக்கிறது, ஒன்று மட்டும் உறைந்துவிட்டது. குரோமுக்கென்றே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. ஷிப்ட் விசையோடு எஸ்கேப். ஒவ்வொரு டேபும் எவ்வளவு மெமரி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். குற்றவாளியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் முடித்துவிடலாம். பாதி நிரப்பிய விண்ணப்பம் இன்னொரு டேபில் இருந்தால் அது தப்பிக்கும். முழுதாக மூட வேண்டி வந்தாலும், திரும்பத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், டி (டேப் என்ற சொல்லின் ஆங்கில முதல் எழுத்து) அழுத்தினால் பழைய டேப்கள் வந்துவிடும். ஆனால் படிவத்தில் தட்டியது வரும் என்று நம்பாதீர்கள்.

கணினியே நின்றுவிட்டால்

கீபோர்டில் 'நம் லாக்' என்ற, எண் விசைகளுக்கான பூட்டு விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் மாட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (ஏ, பி, சி வரிசையில் இரண்டாவது எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, பீப் என்று ஒலி கேட்கும். திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்குகிறது. திறந்திருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும்.

விளக்கு மாறவே இல்லையென்றால், சரி, இப்போது பவர் பட்டன். பத்து நொடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். சுவர் சுவிட்ச் வேண்டாம்.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஆல்ட் எஃப்2 அழுத்தி, வரும் பெட்டியில் எக்ஸ், கே, ஐ, எல், எல் என்ற ஐந்து எழுத்தையும் சின்ன எழுத்தாகச் சேர்த்துத் தட்டி என்டர் செய்தால் மவுஸ் அம்பு மாறிவிடும். எந்த ஜன்னலைக் கிளிக் செய்கிறீர்களோ அது அந்த நொடியே காலி. ஜன்னல் என்று நினைத்து டெஸ்க்டாப்பைக் கிளிக் செய்துவிட்டால் அதுவும் காலி, ஆகவே நிதானமாக. மனம் மாறினால் வலப்பக்க கிளிக் செய்தால் ரத்தாகிவிடும். இந்த ஐந்தெழுத்தை ஒவ்வொரு முறையும் தட்டாமல், சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட், ஷார்ட்கட்ஸ், கஸ்டம் ஷார்ட்கட்ஸ் என்று போய் உங்களுக்குப் பிடித்த விசைகளோடு கட்டிவைத்துவிடலாம்.

இது, ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ் விண்டோவில் ஓடும் டெஸ்க்டாப்புகளுக்கு மட்டும்தான். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த முறையிலிருந்து, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் 'வேலேண்டு' என்ற புதிய முறைக்கு மாறிவிட்டது. அங்கே நின்றுபோன புரோகிராமைக் கிளிக் செய்தால் 'காத்திருக்கிறீர்களா, கட்டாயமாக மூடட்டுமா' என்ற பொருளில் அதுவே ஒரு பெட்டியைக் காட்டும். வராவிட்டால் சிஸ்டம் மானிட்டரில் பெயரை வலப்பக்க கிளிக் செய்யுங்கள். 'எண்ட்' என்பது போகச் சொல்லிக் கேட்பது, 'கில்' என்பது கேட்காமல் தூக்கி எறிவது. முதலில் எண்ட்.

மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். வரும் பட்டியலில் தேர்ந்தெடுத்து 'ஃபோர்ஸ் க்விட்'. கீழே டாக்கில் உள்ள ஐகானை வலப்பக்க கிளிக் செய்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் 'க்விட்' என்பதே 'ஃபோர்ஸ் க்விட்' என்று மாறுவதையும் பார்க்கலாம்.

மூடிய பிறகு

வேர்டைத் திரும்பத் திறந்தால் இடப்பக்கம் மீட்டெடுத்த கோப்புகளின் பட்டியல் வரலாம். அவசரத்தில் மூடிவிடாமல், நேரத்தைப் பார்த்துக் கடைசியாக உள்ளதைத் திறந்து உடனே வேறு பெயரில் சேமியுங்கள். இந்தத் தானியங்கி நகல் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும், யாரும் மாற்றாத வரை. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் 'ஆட்டோ ரெகவர்' என்ற வரியில் அந்த 10 இருக்கும். அதை 2 ஆக்கிவிடுங்கள். மாடி வீட்டு சாரின் கணினியில் இந்தப் பெட்டியில் டிக்கே இல்லை. யார் எடுத்தார்களோ தெரியவில்லை.

ஒரே புரோகிராம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நிற்கிறது என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடி, வரும் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்பதைத் திறங்கள். நாள் வாரியாக ஒரு வரைபடம், பிரச்சினை வந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி. அதைக் கிளிக் செய்தால் எந்தப் புரோகிராம், எத்தனை மணிக்கு நின்றது என்று கீழே இருக்கும். சாரின் கணினியில் அதைப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகுதான் குறிகள் வரிசையாக ஆரம்பித்திருந்தன. "இந்தத் தேதியில என்ன சார் ஆச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையன் பிரிண்டரை அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான்" என்றார். போன பிரிண்டர்தான் இன்னும் முதன்மைப் பிரிண்டராகப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. அதை நீக்கி, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் பிரிண்டரை முதன்மையாக்கிவிட்டுக் கீழே இறங்கினேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.